அம்மாவின் கால் சிவக்கவே இல்லை!

“சிவந்திருக்கா? போட்டோ எடுத்து அனுப்புக்கா.”

பிரான்சிலிருந்து தம்பி கேட்டான். அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது. “எங்க சிவந்திருக்கு? லேசா கறுத்திருக்கு, அவ்ளோதான். கொசு கடிச்சு சொறிஞ்சிருப்பாங்க. தேங்காயெண்ணெய் தடவு.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பால் ஒன்றரை நாள் போனது. அம்மாவின் வலது காலும் அதோடு போயிருக்க வேண்டியது.

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிற சாலையில், அரியாங்குப்பம் தாண்டியதும் எங்கள் ஊர் நோணாங்குப்பம். வெளியூர்க்காரர்களுக்கு ‘சுண்ணாம்பாறு போட் ஹவுஸ்’ என்றால்தான் தெரியும். அங்கே படகு ஏறி பாரடைஸ் பீச்சுக்குப் போவார்கள். காலையில் வெள்ளைவெளேரென்று போகிற வெளிநாட்டுக்காரர்கள், சாயங்காலம் வேகவைத்த நண்டு மாதிரி சிவந்து திரும்புவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பிரெஞ்சு ராணுவத்தில் ‘சொல்தா’வாக இருந்து பென்ஷன் வாங்கிய எங்கள் பெரியப்பா, அதற்கு ‘கூ த சொலேய்’ என்று பெயர் சொல்வார். பிரெஞ்சில் வெயில் அடித்த அடி என்று அர்த்தம்.

தோல் சிவப்பது என்றால் என் மனதில் இருந்த படம் அதுதான். அந்தப் படம் அம்மாவின் காலில் இல்லை. அதனால் ஆபத்தும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

வெள்ளம் வடிந்த பிறகு

2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஆற்றுத் தண்ணீர், சாக்கடைத் தண்ணீர் எல்லாம் ஒன்றாகக் கலந்து நின்றது. அம்மாவுக்கு 68 வயது, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. “நீங்க கட்டில்லேயே இருங்கம்மா” என்று நான் சொன்னால் கேட்கிற ஆளா? அரிசி மூட்டையை மேலே ஏற்றுவது, ஆட்டுக்குட்டியைப் பிடித்துக் கட்டுவது, பக்கத்து வீட்டு ஆயாவுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பது என்று மூன்று நாளும் தண்ணீரில்தான் நடந்தார்.

தண்ணீர் வடிந்தது. அம்மாவின் கால் விரல் இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறிப் பிளந்திருந்தது. சேற்றுப்புண். அந்த வாரம் தெருவில் யார் காலைப் பார்த்தாலும் சேற்றுப்புண்தான். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டுக்கொண்டார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு. நாவல் பழச் சாறு பட்டுக் காய்ந்த துணி மாதிரி ஒரு நிறம். “இன்னாம்மா இது?” என்றேன். “ஒண்ணுமில்லடி. எங்கியாவது இடிச்சிட்டிருப்பேன்.”

அன்று ராத்திரி போனில் ‘தோல் சிவத்தல்’ என்று தேடினேன். நூறு படம் வந்தது. எல்லாமே ரோஜா நிறக் கால்கள், ரோஜா நிறக் கன்னங்கள். எதுவும் அம்மாவின் கால் மாதிரி இல்லை. நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு ஆயா வந்து பார்த்துவிட்டு, “அக்கிடி இது. எழுதிட்டு வந்துடுங்க, எறங்கிடும்” என்றார்.

பெரியவர் வைத்த கை

அக்கி எழுதுவது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மண்பாண்டம் செய்கிற குடும்பங்களில் காவியைக் குழைத்து, அக்கி வந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு, சிங்கம் மாதிரி உருவங்கள் எழுதுவார்கள். அக்கி என்பது ஒரு வைரஸ். சின்ன வயதில் வந்துபோன சின்னம்மையின் கிருமி நரம்புக்குள் ஒளிந்திருந்து, வயதானபோதோ உடம்பு பலவீனமானபோதோ மறுபடி கிளம்புவது. அதற்கு மாத்திரை உண்டு. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நன்றாகக் கேட்கும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்று தெரியாது. ஆட்டோ பிடித்து, வில்லியனூர் பக்கம் ஒரு பெரியவரிடம் அம்மாவை அழைத்துப் போனேன்.

திண்ணையில் உட்காரவைத்தார். காலைப் பார்த்தார். பிறகு தன் புறங்கையை அந்தக் கறுப்பின் மேல் வைத்தார். அடுத்து, அம்மாவின் இன்னொரு காலிலும் அதே இடத்தில் வைத்தார். திரும்பவும் முதல் காலில். காவிக் கிண்ணத்தைத் தொடவே இல்லை.

“அக்கி இல்லம்மா இது. அக்கின்னா கொத்துக் கொத்தா கொப்புளம் வரும். ஒரு பக்கமா, பட்டையா ஓடும். இது கொதிக்குது. உள்ள சீழ் வைக்கிற சூடு மாதிரி கீது. நான் எழுதினா என் காவிதான் தெரியும், நோவு தெரியாது. நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டுக்குப் போயிட்டு அப்புறம் போலாம்னு நினைக்காதீங்க.”

காசு நீட்டினேன். வாங்கவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போதே அம்மாவுக்குக் குளிர் எடுத்துவிட்டது. பல் கிடுகிடுவென்று அடித்தது. என் துப்பட்டாவைப் போர்த்திவிட்டு, நேற்றிலிருந்து செய்யாத ஒன்றை அப்போதுதான் செய்தேன். அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

பேனாவால் எழுதிய அக்கி

பெரியாஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் சின்னப் பெண். என் அக்கா மகள் வயதுதான் இருக்கும். அவரும் முதலில் கையைத்தான் வைத்தார். பிறகு கால் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, நான்காவது இடுக்கில் நிறுத்தினார். “இதோ, இதுதான் வாசல். இது வழியாத்தான் கிருமி உள்ள போயிருக்கு.”

நோயின் பெயர் செல்லுலைட்டிஸ். தோலுக்கு அடியில் இருக்கும் திசுக்களில் பாக்டீரியா பரவுவது. சேற்றுப்புண்ணில் பிளந்த தோல் வழியாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகள் நுழைகின்றன. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் உடம்பால் அவற்றை எதிர்த்து நிற்க முடிவதில்லை. அன்று அம்மாவின் சர்க்கரை 340.

டாக்டர் சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தார். கறுப்பும் வீக்கமும் எங்கே முடிகிறதோ அந்த ஓரத்திலேயே காலைச் சுற்றி ஒரு கோடு போட்டார். பக்கத்தில் தேதியும் மணியும் எழுதினார். “இந்தக் கோட்டைத் தாண்டிப் போகுதான்னு பாருங்க. தாண்டினா உடனே சொல்லுங்க.”

அவ்வளவு ஜுரத்திலும் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். “அந்தப் பெரியவர் எழுத மாட்டேன்னாரு. இந்தப் பாப்பா எழுதிடுச்சு பாரு அக்கி.”

ஆறு நாள் உள்ளே இருந்தோம். நரம்பு வழியாக ஆன்டிபயாடிக், இன்சுலின், காலைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பது. முதல் ராத்திரி சூடு கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை போனது. மருந்தை மாற்றினார்கள். மூன்றாம் நாள் கோட்டுக்குள்ளேயே நின்றது. ஐந்தாம் நாள் கோட்டுக்கும் வீக்கத்துக்கும் நடுவே என் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி. அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் நான் அழுதேன்.

“இன்னும் ஒருநாள் விட்டிருந்தா, தோல் அழுகியிருக்கலாம். விஷம் ரத்தத்துல ஏறியிருக்கலாம்” என்றார் டாக்டர். நான் தலையைக் குனிந்துகொண்டு, “சிவக்கவே இல்லியே டாக்டர்” என்றேன்.

“சிவந்துதான் இருந்துச்சு. நம்ம தோல்ல அது அப்படித்தான் தெரியும்.”

சிவப்பு எங்கே ஒளிகிறது?

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். உடம்பில் ஓர் இடத்தில் அடிபட்டாலோ, கிருமி நுழைந்தாலோ, ஒவ்வாமை வந்தாலோ, அங்கே இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிகின்றன. ரத்தம் அதிகமாக அங்கே பாய்கிறது. அந்த ரத்தத்தின் நிறம்தான் தோலில் தெரியும் சிவப்பு. வெளுத்த தோலில் அது அப்படியே தெரியும். நம் தோலில் மெலனின் அதிகம். மாநிறக்காரர்களுக்கு அந்தச் சிவப்பு செம்பு நிறமாகத் தெரியலாம். கறுத்தவர்களுக்கு ஊதாவாக, சாம்பல் கலந்த பழுப்பாக, சில சமயம் ‘கொஞ்சம் கூடுதல் கறுப்பு’ என்று மட்டும் தெரியலாம்.

இது நம் வீட்டுப் பிரச்னை மட்டும் இல்லை. லண்டனில் செயின்ட் ஜார்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த மலோன் முகுவெண்டே என்ற மாணவர், பாடத்தில் காட்டப்படும் தோல் நோய்ப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலிலேயே இருப்பதைக் கவனித்தார். தன் ஆசிரியர்களுடன் சேர்ந்து, கறுப்பு, பழுப்புத் தோல்களில் நோய் எப்படித் தெரியும் என்று காட்டும் ‘மைண்ட் தி கேப்’ என்ற கையேட்டை 2020-ல் கொண்டுவந்தார். மருத்துவ மாணவர்களுக்கே அப்படி ஒரு புத்தகம் தேவைப்பட்டது என்று தெரிந்தபோது, எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆக, நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. பகல் வெளிச்சத்தில் இரண்டு காலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புறங்கையை வைத்துச் சூடு ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். வீக்கத்தில் தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா, நேற்றைவிட இன்று பரவியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே காலில், சூடும் வலியுமாகப் பரவினால் தாமதிக்காதீர்கள். குளிர் ஜுரம் சேர்ந்தால் ராத்திரி என்றும் பார்க்க வேண்டாம்.

எல்லாச் சிவப்பும் ஒன்றில்லை

வார்டில் படுத்திருந்த ஆறு நாளில், தோல் பிரிவுக்கு வருகிறவர்களோடு பேசிப் பேசியே எனக்குப் பாதிப் படிப்பு வந்துவிட்டது. நம் முன்னோர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்ததும் அப்போதுதான் உறைத்தது.

காணாக்கடி: எது கடித்தது என்று தெரியாமல் தடிப்புத் தடிப்பாக எழும்பி, அரிப்பெடுத்து, ஒரு தடிப்பு ஒருநாளுக்குள் அடங்கி இன்னொரு இடத்தில் கிளம்பும். இறால், நண்டு, சில மாத்திரைகள் என்று பல காரணம். பல பேருக்குக் காரணமே பிடிபடாது. உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ அது உயிர் பிரச்னை. உடனே ஓட வேண்டும்.

ஒட்டு ஒவ்வாமை: ஸ்டிக்கர் பொட்டின் பசை, கவரிங் நகையில் இருக்கும் நிக்கல், தலைச்சாயம். பட்ட இடத்தில் மட்டும், பட்ட பொருளின் வடிவத்திலேயே சிவந்து அரிக்கும். பொருளை விட்டால்தான் நோய் விடும்.

படர்தாமரை: பூஞ்சை. நடு வெளுத்து, ஓரம் வளையமாகச் சிவந்து பரவும். ஈரத் துணி, பாவாடை நாடா இறுக்கும் இடுப்பு, வியர்வை தங்கும் மடிப்பு அதற்குப் பிடித்த இடங்கள். என் அண்ணன் மகள் இதற்குக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் போட்டாள். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. மாயம்தான் என்று முகத்துக்கும் போட்டாள். மூன்று மாதத்தில் கன்னம் மெலிந்து, ரத்தக் குழாய் வலை மாதிரி தெரிந்து, வெயில் பட்டாலே எரிந்தது. அந்தக் களிம்பில் இருந்தது வீரியமான ஸ்டீராய்டு. அது சிவப்பை அமுக்கும். பூஞ்சையைக் கொல்லாது, வளர்க்கும். விட்டால் சிவப்பு இரண்டு மடங்காகத் திரும்பும். இந்தியத் தோல் மருத்துவர்கள் பல வருடம் குரல் கொடுத்த பிறகு, 2018-ல் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு கொண்டுவந்தது. சட்டம் இருக்கிறது. கடையில் போய் ‘சிவப்பு போக ஒரு களிம்பு கொடுங்க’ என்று கேட்கும் நம் பழக்கமும் இருக்கிறது.

அமுக்கினாலும் மறையாத சிவப்பு: கண்ணாடித் தம்ளரின் பக்கத்தைத் தோலில் வைத்து அமுக்குங்கள். சாதாரணச் சிவப்பு வெளுத்து, எடுத்ததும் திரும்பும். வெளுக்கவில்லை என்றால் ரத்தம் குழாயை விட்டு வெளியே கசிந்திருக்கிறது என்று பொருள். ஜுரத்தோடு அப்படிப் புள்ளிகள் வந்தால் டெங்குவாகவும் இருக்கலாம், அதைவிட மோசமான கிருமியாகவும் இருக்கலாம். வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

மருந்தால் வரும் சிவப்பு: புது மாத்திரை ஆரம்பித்த சில நாள், சில வாரங்களில் உடம்பெல்லாம் சிவந்து, வாயும் கண்ணும் புண்ணாகி, தோல் உரிந்தால் அதுவும் அவசரம்தான். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி சிவப்பு: மூக்கின் மேலும் இரண்டு கன்னத்திலும் படர்ந்து, வெயிலில் கூடி, மூட்டுவலியும் அசதியும் சேர்ந்தால் லூபஸாக இருக்கலாம். இளம் பெண்களுக்கு அதிகம் வருவது. ‘முகம் கறுத்துப் போச்சு’ என்று பவுடர் போட்டு மறைத்துவிடுகிறோம்.

அம்மாவின் பயம்

டிஸ்சார்ஜ் ஆகிற அன்று அம்மா டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டார். “பாப்பா, இது யானைக்கால் ஆயிடாதே?”

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அம்மாவின் பாட்டிக்கு யானைக்கால். வருடத்தில் நாலைந்து தடவை நெறி கட்டி, குளிர் ஜுரம் வந்து, கால் தடித்துப் படுத்துவிடுவாராம். ஒவ்வொரு தடவையும் கால் இன்னும் கொஞ்சம் பெருக்குமாம். கல்யாணம் காட்சிக்கு யாரும் கூப்பிட மாட்டார்களாம். கூப்பிட்டாலும் அவரே போக மாட்டாராம். அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குக் கால் வீங்கினால் என்ன தோன்றும்?

புதுச்சேரிக்கு அது பழகிய நோய்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-ல் பூச்சிகளால் பரவும் நோய்களுக்கான ஆய்வு மையத்தை இங்கேதான் ஆரம்பித்தது. சாக்கடைத் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுவைக் கட்டுப்படுத்தும் வேலைகளை எண்பதுகளில் நம் நகரத்திலேயே செய்து பார்த்தார்கள். பிறகு வருடம் ஒருமுறை வீடு வீடாக மாத்திரை கொடுத்தார்கள். இன்று புதிதாக யானைக்கால் வந்தவரைப் பார்ப்பது அபூர்வம்.

டாக்டர் அம்மாவிடம் சொன்னது இதுதான்: “உங்களுக்கு இருந்தது யானைக்கால் இல்ல. ஆனா உங்க பாட்டிக்கு அடிக்கடி வந்த ஜுரத்துக்கும் பெரும்பாலும் இதே விரல் இடுக்குதான் காரணமா இருந்திருக்கும். அந்தப் புழுவால நிணநீர்க் குழாய் கெட்டுப்போன கால்ல கிருமி சுலபமா நுழையும். நுழையுற ஒவ்வொரு தடவையும் கால் இன்னும் பெருக்கும். உங்களுக்கும் இது திரும்பத் திரும்ப வந்தா வீக்கம் தங்கிடும். தடுக்குறது ரொம்ப சுலபம். சோப்பு, தண்ணி, துணி.”

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. ஆட்டோவில் ஏறிய பிறகுதான், “பாட்டி காலை யாரும் தொட்டுக் கழுவிவிட்டதே இல்லடி” என்றார்.

தினமும் ராத்திரி

இப்போது ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அம்மா திண்ணையில் காலை நீட்டி உட்காருகிறார். சோப்பு போட்டுக் கழுவி, பழைய பருத்திப் புடவைத் துணியால் ஒவ்வொரு விரல் இடுக்காக ஒற்றி எடுக்கிறேன். ஈரம் தங்கக் கூடாது. பிளவு தெரிந்தால் டாக்டர் எழுதிக் கொடுத்த பூஞ்சைக் களிம்பு. கடைசியில் என் புறங்கையை ஒரு காலில் வைத்து, அடுத்த காலில் வைத்து, சூட்டை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஒரு நிமிட வேலை.

தம்பியிடம் நடந்ததைச் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “போட்டோல சூடு தெரியலக்கா” என்றான். அவன் மேல் தப்பில்லை. பக்கத்திலேயே இருந்த நான் தொடவில்லையே.

பொங்கலுக்குப் புதுப் பானை வாங்க வில்லியனூர் போனபோது, அந்தப் பெரியவர் வீட்டுக்கே போனோம். அம்மா நடந்தே திண்ணை ஏறினார். பெரியவருக்கு எங்களை உடனே அடையாளம் தெரிந்தது. நான் ஆஸ்பத்திரிக் கதையை ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. குனிந்து, அம்மாவின் வலது காலில் புறங்கையை வைத்தார். பிறகு இடது காலில்.

“சூடு அடங்கிடுச்சு” என்றார். பானைக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.